மழையில் ஓடிய கதாநாயகி

கோவில்பட்டியில் விளாத்திகுளம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, முன்சீட்டுப் பெண் மடியிலிருந்த லைப்ரரி நாவலைப் படாரென்று மூடிவிட்டு, பக்கத்திலிருந்த அண்ணியிடம் திரும்பினாள்.

“இதை எழுதுனவரு கரிசலை மிதிச்சதே இல்ல, மதினி.”

“ஏட்டி, ஏன்?”

“கொட்டுற மழையில, பருத்திக்காடு வழியா கதாநாயகி வீட்டை விட்டு ஓடுதாளாம்! ரெண்டு எட்டு வைக்கதுக்குள்ள மண்ணு அப்பி, காலுல அம்மிக்கல்லைக் கட்டுன மாதிரி ஆயிராதா? ஓடையைக்கூடத் தாண்ட மாட்டா.”

“போன வாரம் படிச்சது?”

“அதுல அழுதுகிட்டே தாலிக்குக் கழுத்தை நீட்டுதா. பாதியிலயே திருப்பிக் குடுத்துட்டேன்.”

மதினி சிரித்தாள். “ஒனக்கு எதுதான் பிடிக்கும்? வெள்ளிக்கிழமை ஒனக்குப் பரிசம் போட வாராவளே, அவியகிட்டயும் இப்படித்தான் குத்தம் சொல்லுவியா?”

அந்தப் பெண் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாள்.

“மதினி, வெள்ளிக்குள்ள நம்ம பருத்திக்காட்டுப் பக்கம் மழை வந்துருமோ?”