எட்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

சுவரொட்டிக்கு எழுத்து தடிப்பாகவும் இருக்க வேண்டும், இடத்தையும் அடைக்கக் கூடாது. பீடோங் பட்டணத்தில் என் அச்சுக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதற்கென்றே ஓர் எழுத்து வகை வைத்திருக்கிறேன். பழைய சர்க்கஸ் விளம்பரங்களில் வருவது போன்றது: ஒடுங்கிய உடம்பு, கொழுத்த கால்கள், முனைக்கு முனை சின்னப் பாதங்கள். எவ்வளவு நீளமான பெயரும் ஒரே வரியில் உட்கார்ந்துவிடும். அதில் மூன்று என்ற இலக்கத்தின் இரண்டு நுனிகளும் உள்ளே சுருண்டு முதுகைத் தொடப் பார்க்கும். பெரிதாக அடித்தால் மூன்று. சின்னத் தாளில் மை பரவி இடைவெளி மூடிக்கொண்டால் எட்டு.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன்.

செலஸ்டின் அக்கா எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்தவர். அவர் கணவர் ஹெர்பர்ட் அண்ணன் எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். ஆறு வருடமாக நினைவு தப்பி, கதவு திறந்திருந்தால் நடந்துவிடுவார். துணிக்கயிற்றால் அவர் கையைத் தன் கையோடு கட்டிக்கொண்டுதான் அக்கா படுப்பார். நான் முடிந்ததைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டேன். ஒரே கடையில் இரண்டு சிம் கார்டு வாங்கி, ஒன்றைக் கைபேசியில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. அவருடையது எட்டு, என்னுடையது மூன்று.

ஒரு நாள் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அக்கா சொன்னார்: "ஒரே ஒரு நாளு நிம்மதியா தூங்கணும் டெனிஸ் தம்பி. அவ்ளோதான் லா கேக்குறேன்."

அதை நான் ஒரு மன்றாட்டாக எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் காணாமல் போனார். அக்கா கடைக்கு ஓடி வந்தார். 'காணவில்லை' என்பதையும் தொலைபேசி எண்ணையும் அந்த எழுத்திலேயே அமைத்து, மாதிரியைச் சின்னத் தாளில் அடித்துக் கொடுத்தேன். எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"என் நம்பர்தானே தம்பி? கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டேன்."

"ஒங்க நம்பர்தான்க்கா. நீங்க வீட்டுல இருங்க, அண்ணே திரும்பி வந்தா ஆள் வேணும்ல. நான் ஒட்டிக்கிறேன்."

நாற்பது சுவரொட்டிகள். யான் என்ற ஊர் வரைக்கும் நானே ஒட்டினேன். ஒட்டாமல் விட்டிருந்தால் அது ஏமாற்று வேலை.

மறுநாள் மத்தியானம் யானில் பலகாரக் கடை வைத்திருக்கும் காளியம்மா என்பவர் அழைத்தார்.

"அண்ணே, போஸ்டர்ல இருக்கிறவரு எங்க கடையிலதான் ஒக்காந்திருக்காரு. நாலு பீசாங் கோரேங் சாப்புட்டுட்டு, லாரி சாவிய நான் ஒளிச்சு வச்சிட்டேன்னு என்னையே திட்டுறாரு. சீக்கிரம் வாங்க லா, மழ கட்டுது."

"ரொம்ப நன்றிம்மா. இதோ வந்துட்டேன்."

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். யானுக்குப் பாதி வழியான குரூன் வரை போனேன். தேநீர் வாங்கி, குடிக்காமல் வைத்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். நாலு மணிக்கு அவர் மீண்டும் அழைத்தார்.

"எங்கண்ணே இருக்கீங்க? அவரு வயல் பக்கமா நடந்துட்டாரு. கடைய விட்டுட்டு நான் எவ்ளோ தூரம் ஓடுறது?"

"பரவால்லம்மா. நான் பாத்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை நெல்வயல் வாய்க்காலில் அண்ணனைக் கண்டெடுத்தார்கள்.

அடக்கத்துக்குக் காளியம்மா வந்திருந்தார். கையில் அந்தச் சுவரொட்டி. "வரேன்னு சொன்னாரே" என்று அழுதபடியே அதிலிருந்த எண்ணை அழுத்தினார். ஜெபத்தின் நடுவே என் சட்டைப் பையில் மணி அடித்தது. அக்கா சுவரொட்டியை வாங்கி, இந்த முறை கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது மூணா, எட்டா?"

"மூணுக்கா."

கேட்டவுடனே உண்மையைச் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அக்கா தூங்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாலு நாளும் அவர் கண்ணை மூடவில்லை என்பது சரிதான். நான் கொடுத்த கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது அடிக்கும் என்று பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அதில் சார்ஜ் இறங்காமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.