ஒரே ஒரு ப்ரொப்பெல்லர்

— முடியாதுன்னா முடியாது, மார்லா. சாயங்காலம் நாலு மணிக்கு நாய்க் காப்பக ஆளு வரட்டும், இந்த நாயைத் திருப்பிக் கொடுத்துடு. என் வீட்டுல மீன் நாத்தமே போதும்.

— பந்தயம் கட்டினது மறந்துபோச்சா மாமா? இந்த சியாட்டில்ல வேற எந்த நாய்க்கும் இல்லாத பேராக் கண்டுபிடி, அப்ப இது இங்கயே இருக்கட்டும்னு சொன்ன வாய் யாரு வாய்?

— காபி தலைக்கேறிச் சொல்லியிருப்பேன்.

— புதன்கிழமையே கண்டுபிடிச்சு உங்ககிட்ட சொன்னேனே, ப்ரொப்பெல்லர்னு. இது வால் சுத்துற சுத்துல படகே நகந்துரும்னு நீங்கதான் திட்டினீங்க. நகராட்சியோட நாய் லைசென்ஸ் பட்டியல்ல லூனா கொட்டிக் கெடக்கு, சார்லி தெருவுக்கு ஒண்ணு. ப்ரொப்பெல்லர் ஒண்ணுகூட இல்ல.

— அப்புறம் என்ன? பாத்தாச்சுல்ல, விடு.

— அது ஜனவரியில இறக்கி வச்ச பழைய பட்டியல். அழுகுணி ஆட்டம் ஆட எனக்கு மனசு வரல. இப்ப ஆர்ல இருந்து நேரா நகராட்சியையே கேக்கப்போறேன்.

— ஆரா? ஆபீஸ்ல புள்ளிவிவரம் போடுவியே, அந்த நிரல் மொழியா? அதுக்கு நகராட்சி பதில் சொல்லுமாக்கும்?

— ரெண்டு வரி எழுதினா அவங்க ஏட்டையே கொண்டாந்து கொட்டும். தனியா இறக்கி வைக்கிற வேலையே இல்ல. இன்னிக்கு நிலவரம் இன்னிக்கே தெரியும்.

— நேத்துப் பதிஞ்சதுகூடவா?

— நேத்து சாயங்காலம் பதிஞ்சதுகூட.

— ம். காபி ஆறுது பாரு, முதல்ல குடி.

— ஏன் இப்படி நெளியுறீங்க? நான் ஜெயிச்சா, வீட்டு உரிமையாளர் ஆர்விட் சம்மதம்னு காப்பகத் தாள்ல நீங்க கையெழுத்துப் போடணுமேன்னா? உங்க மகன் அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போனா வர நாலு மாசம். நீங்க படகுத்துறையே கதின்னு கெடக்குறீங்க. நான் சுவரோட பேசிக்கிட்டிருந்தேன் மாமா. இது வந்த இந்த மூணு வாரமாத்தான் சிரிக்கிறேன்.

— தெரியும். நீ சமையக்கட்டுல சிரிக்கிறது மாடிவரைக்கும் கேக்குது.

— இருங்க, வந்துருச்சு. ஐயோ.

— என்ன?

— ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு ப்ரொப்பெல்லர். எவனோ முந்திக்கிட்டான். நான் வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். தோத்துட்டேன் மாமா.

— பாதியில அழாதே. அந்த வரியை முழுசாப் படி.

— கலப்பினம். பின்கோடு, அட, நம்ம பின்கோடு. பதிஞ்ச தேதி நேத்து. மாமா, நேத்து படகுக்குக் கயிறு வாங்கணும்னுதானே டவுனுக்குப் போனீங்க?

— பதிஞ்சதை நாலு மணிக்கு அந்த ஆளு முன்னாடி சொல்லலாம்னு வச்சிருந்தேன், கெடுத்துட்டே. கயிறும் வாங்கினேன், கேட்டியா, படகுக்கு இல்ல, இவனுக்கு, கதவுக்குப் பின்னால தொங்குது. டேய் ப்ரொப்பெல்லர், வாடா. மருமக கண்ணைத் தொடைக்கட்டும், நாம ஒரு நடை போயிட்டு வருவோம்.