பழந்துணியில் தைத்த கொடி

"மேல போவாதீய! யாரும் மேல போவாதீய!"

இசக்கி அண்ணாச்சி கத்துகிறார். எங்கள் கப்பலின் சமையல்காரர். கையில் கரண்டியோடு படிக்கட்டின் அடியில் நிற்கிறார். மேலே முதலில் குண்டு பாயும் விசில் சத்தம். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு தகரக் கூரையில் ஒரு லாரி கல்லைக் கொட்டியது போல. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. அலமாரித் தட்டுகள் எல்லாம் தரையில். காலை பத்து ஐந்து. நான் ஆட்களை எண்ணுகிறேன். பதினொன்று. எல்லோரும் இருக்கிறோம்.

நாங்கள் அந்தத் துறைமுகத்தில் சிக்கிய ஒன்பதாம் நாள் அது.

என் பெயர் மிக்கேல். ஊர் புன்னைக்காயல். கப்பலில் போசன் வேலை. மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன். தூத்துக்குடியில் உப்பும் சிமென்ட்டும் ஏற்றிக்கொண்டு போனோம். செங்கடலோரத்தில் போர் நடக்கும் ஒரு துறைமுகம். அதன் பெயரை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கம்பெனியில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சரக்கு பாதி இறங்கியிருந்தது. அப்போது கரையில் சண்டை தொடங்கியது. கிரேன்காரர்கள் ஓடிப்போனார்கள். துறைமுக வாசலில் கண்ணிவெடி மிதக்கிறது, யாரும் நகரக் கூடாது என்று ரேடியோவில் சொன்னார்கள். பிறகு ரேடியோவில் யாரும் பேசவில்லை.

அன்று அடிபட்டது பக்கத்துக் கப்பல். எங்களுக்கும் அதற்கும் நடுவே இருநூறு அடி இருக்கும். மூன்று நாள் எரிந்தது. முதல் நாள் அதிலிருந்து குரல் கேட்டது. இரண்டாம் நாள் கேட்கவில்லை.

பத்தாம் நாள் சாமுவேல் என்னிடம் வந்தார். இரண்டாம் இன்ஜினியர். தூத்துக்குடியில் மில்லர்புரத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பதவியில் பெரியவர். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார்.

"மிக்கேலண்ணே, டிரோன்ல மேலேருந்து பாக்கிறவனுக்கு நாம யாருன்னு எப்படித் தெரியும்?"

"கொடி பறக்குல்லா சார்."

"அது கைக்குட்ட மாதிரில்லா இருக்கு. பெருசா வேணும். சரக்கு அறை மூடி முழுக்க விரிக்கிற மாதிரி. இந்தியக் கொடி."

கப்பலின் பதிவு வேறு நாட்டில். ஆனால் பதினோரு பேரில் எட்டுப் பேர் இந்தியர். கேப்டன் வெளிநாட்டவர். கேட்டதும் தலையை ஆட்டினார். வர்ணம் அடிக்கலாம் என்றால் சாம்பல் நிறமும் துருவுக்கு அடிக்கும் சிவப்பும்தான் இருந்தன. துணி இருந்தது. இன்ஜின் அறையில் எண்ணெய் துடைக்க ஆறு மூட்டைப் பழந்துணி. தூத்துக்குடியிலேயே ஏற்றியது.

அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டார் உடுத்துக் கழித்த உடைகள் எங்கள் துறைமுகத்துக்குக் கன்டெய்னரில் வரும். கிடங்குகளில் பெண்கள் உட்கார்ந்து பித்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்து, துண்டுபோட்டு, மூட்டை கட்டுவார்கள். என் மனைவி ரோஸ்லின் ஒன்பது வருடமாக அந்த வேலை செய்கிறாள். மூட்டையைப் பிரித்ததும் என் வீட்டு வாடை அடித்தது. அவள் சேலையில் தினமும் வரும் அதே பழந்துணி வாடை.

நான் பதினேழு வயதில் தோணியில் ஏறியவன். அப்போது தோணிக்குப் பாய் உண்டு. பாய் கிழிந்தால் நாங்களே தைப்போம். உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, விரல் நீள ஊசியைத் தள்ளுவோம். அந்த ஊசி ஒன்று என் பெட்டியில் எப்போதும் இருக்கும். நூல் இல்லை. நைலான் கயிற்றைப் பிரித்து இழை எடுத்தோம்.

பதினோராம் நாள் தொடங்கினோம். சாப்பாட்டு அறையில் மேசைகளைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். நான், சாமுவேல், இசக்கி அண்ணாச்சி. மற்றவர்கள் துணி பிரித்தார்கள். காவிக்கு எங்கள் பழைய வேலை உடுப்புகள், லைஃப் ஜாக்கெட் உறைகள், யாரோ ஒரு பெண்ணின் ஆரஞ்சு நிறப் பாவாடை. வெள்ளைக்குப் படுக்கை விரிப்புகள், மேசை விரிப்புகள், ஒரு கிறிஸ்தவக் கல்யாண உடுப்பு. பச்சைக்குத் திரைச்சீலைகள், பள்ளிக்கூட ஸ்வெட்டர்கள். ஒரு ஸ்வெட்டரின் உள்ளே யாரோ ஒரு பிள்ளையின் பெயரைத் தைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரியாத எழுத்து. சாமுவேல் அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். பிறகு துணி போதவில்லை. அதையும் தைத்தோம்.

சக்கரத்துக்கு நீல ஜீன்ஸ். சாமுவேல் கயிற்றைப் பிடித்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார். இருபத்து நாலு ஆரம். மூன்று முறை எண்ணினார்.

டிரோன்கள் வரும். காலை ஏழு மணிக்கு ஒரு முறை. பிற்பகல் மூன்றரைக்கு ஒரு முறை. இரண்டு வீடு தள்ளி யாரோ தையல் மிஷின் மிதிப்பது போன்ற சத்தம். கிட்டே வரும். நிற்கும். அப்போது எல்லோர் கையும் நிற்கும். சத்தம் விலகினால் ஊசி மறுபடி இறங்கும். இன்றைக்கும் தூத்துக்குடியில் தையல் கடை இருக்கும் தெருவுக்குள் நான் போவதில்லை.

பதினாறாம் நாள் கடைசி மூலை. இடது கீழ் மூலை. பச்சை. அதைத் தைத்தது நான். அன்று மிஷின் சத்தம் இரண்டு முறை எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் விரிக்கலாம் என்று நினைத்தேன். ஓர் அங்குலத்துக்கு நாலு தையல் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விரித்தோம். முப்பத்தாறு அடி நீளம், இருபத்து நாலு அடி அகலம். எட்டுப் பேர் சுமந்தோம். ஓரமெல்லாம் கயிறு கோத்துக் கட்டினோம். ஏழு மணிக்கு டிரோன் வந்தது. நின்றது. போய்விட்டது. மூன்றரைக்கும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. இசக்கி அண்ணாச்சி அன்று இருந்த ரவையில் கேசரி கிண்டினார்.

பத்தொன்பதாம் நாள் காற்று. பாலைவனத்துக் காற்று. மணலோடு வந்தது. பகல் இரண்டு மணிக்கு மேல்தளத்தில் படபடவென்று சத்தம். சாமுவேலும் நானும் அண்ணாச்சியும் ஏறிப் பார்த்தோம். இடது கீழ் மூலை பிரிந்துவிட்டது. பிரிந்த துணி மடங்கி வெள்ளையையும் சக்கரத்தையும் மூடியிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் என்ன கொடி என்று தெரியாது.

சாமுவேல் மடிப்பை இழுத்துப் பிடித்தார். அண்ணாச்சி மறு ஓரத்தைப் பிடித்தார். நான் தைக்க உட்கார்ந்தேன். இழை முடிந்துவிட்டது.

"கீழ இருக்கு சார். எடுத்துட்டு வாரேன்."

"சீக்கிரம் வாங்கண்ணே. காத்து இழுக்கு."

பன்னிரண்டு படி இறங்கினேன். மேசையடியில் கயிறு கிடந்தது. எடுத்தேன். திரும்பி நாலாவது படியில் கால் வைத்தேன். மிஷின் சத்தம் கேட்டது. அது வரும் நேரம் இல்லை. இரண்டு இருபதுதான் ஆகியிருந்தது.

"சார்! விட்டுட்டு வாங்க! அண்ணாச்சி! ஓடியாங்க!"

விசில் இல்லை. வெளிச்சம் முதலில் வந்தது. சத்தம் பிறகு.

அண்ணாச்சியைப் படி வாசலில் கண்டேன். காதிலிருந்து ரத்தம். நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. சாமுவேல் அந்த மூலையிலேயே கிடந்தார். துணி அவர் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்க நேரமானது.

இருபத்தோராம் நாள் சண்டை ஒரு பகல் நின்றது. எங்களை வெளியேற்ற ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு பை. உடலை ஏற்ற மாட்டோம் என்றார்கள். சாமுவேலை அந்தக் கொடியிலேயே சுற்றினோம். துறைமுகத்துக்குப் பின்னால் மணலில் புதைத்தோம். கேப்டன் பைபிள் வாசித்தார். நான் சுற்றுவதற்கு முன்னால் அந்த இடது மூலையை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

*

மில்லர்புரத்துக்கு நான் போனது ஊர் திரும்பிய ஆறாம் நாள். மாலை நாலு மணி. சாமுவேலின் மனைவி கிரேஸ், பள்ளிக்கூட ஆசிரியை. நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அறுத்து வந்த பச்சை மூலையை மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கொடியப் பாத்துட்டு அடிச்சானா, பாக்காம அடிச்சானா?"

"தெரியல டீச்சர்."

"விரிக்காம இருந்தா அவுக மேல போயிருக்க மாட்டாகல்லா?"

"போயிருக்க மாட்டாக."

மின்விசிறி சுற்றியது. நான் சொல்லிவிட்டேன். மூலை என் தையல் என்று. அவசரத்தில் அகலத் தையல் போட்டேன் என்று. அதனால்தான் பிரிந்தது என்று.

அவர் குனிந்து அந்தத் துண்டின் தையலைப் பார்த்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்லுதீய? நான் மன்னிக்கணும்னா?"

கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தேன்.

"போங்கண்ணே."

எழுந்து வந்துவிட்டேன். துணி அங்கேயே இருந்தது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். சனிக்கிழமை. கிரேஸ் பஸ் ஏறிப் புன்னைக்காயலுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் சாமுவேலின் சட்டைகள். ஏழு. அடியில் அந்தப் பச்சை மூலை.

"இத வெட்டணும். எனக்குக் கை வரல."

ரோஸ்லின் கத்தரிக்கோலை எடுத்தாள். ஆயிரம் சட்டை வெட்டியவள். கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"முதல்ல காலர எடுக்கணும் டீச்சர். எடுக்கட்டா?"

"எடுங்க."

கத்தரி ஓடும் வரை கிரேஸ் சட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. காலரை மட்டும் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"என்ன தைக்கணும் டீச்சர்? கொடியா?" என்று கேட்டேன்.

"கொடி வேண்டாம். அன்னைக்கு நடந்தத தைங்க. நீங்க சொன்னது எனக்குப் பத்தல. நான் பாக்கணும்."

கையால்தான் தைத்தோம். சனிக்கிழமை மதியங்களில், மூன்று பேரும். கிடங்கிலிருந்து ரோஸ்லின் கேட்டு வாங்கி வந்த பழந்துணிகள். சாம்பல் நிறக் கால்சட்டைகளில் கப்பலின் உடல். கல்யாணப் பட்டுச் சேலை ஒன்று சரிகை கருத்துப்போய்க் கிடைத்தது. அது கடல். பக்கத்துக் கப்பலின் நெருப்புக்குக் கிரேஸ் தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். இசக்கி அண்ணாச்சி ஆதிச்சநல்லூர் பக்கத்திலிருந்து தன் சமையல் துண்டைக் கொடுத்து அனுப்பினார். அதில் அவரைத் தைத்தோம். சட்டைத் துணியில் சாமுவேல். அவரைத் தைத்தது கிரேஸ். குனிந்து மூலையைப் பிடித்திருக்கிறார். மூலைக்கு அந்தப் பச்சைத் துண்டையே வைத்தோம்.

"நீங்க எங்க நின்னீய?"

"கீழ. நாலாவது படியில."

"காணோமே."

"அது வெளிய தெரியாதுல்லா டீச்சர்."

"தைங்க. கீழ நின்னதையும் தைங்க."

கப்பலின் பக்கத்தில் ஒரு சதுரம் வெட்டித் திறந்தேன். உள்ளே படிக்கட்டு. படியில் நான். கையில் கயிறு. அதைத் தைத்து முடிக்க எனக்கு நாலு சனிக்கிழமை ஆனது. இந்த முறை அங்குலத்துக்கு ஆறு. கிரேஸ் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். மன்னித்தேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் அந்தத் துணியைத் தொங்கவிட்டோம். ஊர் வந்து பார்த்தது. கப்பலுக்குப் போகும் இளவட்டங்களும் வந்தார்கள். மூன்று பேர் முன்னால் நின்றார்கள். அவர்களில் ஒருவன் கேட்டான்.

"மிக்கேலண்ணே, உப்பு எறக்கப் போன எடந்தான இது? எங்களையும் அங்கதான் போட்டிருக்கு. இப்ப சண்டை இல்லைன்னு சொல்லுதான் ஏஜென்ட்."

"எங்களுக்கும் அப்படித்தாம்ல சொன்னான்."

அவன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை மூன்று பேரும் கப்பல் ஏறிவிட்டார்கள். நான் கரையில் நின்றேன். போவாதீய என்று கத்திப் பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது.

இழந்த கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் கப்பலில் பதினோரு பேர் போனோம். பத்துப் பேர் வந்தோம். சாமுவேல் வரவில்லை. அவர் உடலும் வரவில்லை. இசக்கி அண்ணாச்சிக்கு இரண்டு காதும் போய்விட்டது. கப்பல் அங்கேயே மூழ்கிவிட்டதாகக் கேள்வி. அவர் வந்துவிடுவார் என்பது போல கிரேஸ் பகலில் கதவைச் சாத்துவதில்லை. இனி யார் சட்டையையும் வெட்ட முடியாது என்று ரோஸ்லின் கிடங்கு வேலையை விட்டுவிட்டாள்.

பக்கத்துக் கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர்க்காரர்கள் என்றும் தெரியாது. முதல் நாள் மூன்று குரல் கேட்டது. மூன்று என்றுதான் எழுதுகிறேன். கூட இருக்கும்.