வலது காலுக்கு வேறு தண்ணீர்

இந்த அறையில் கொடுக்கும் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. இன்னொரு தம்ளர் கிடைத்தால் நல்லது. நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். ஆனால் என் தண்ணீரிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கம்பியை நிறுத்தி மின்சாரம் கொடுப்போம். நடுவிலிருக்கும் காற்று ஊதா நிறத்தில் ஒளிரும். அதுதான் பிளாஸ்மா, மின்னலின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்த தண்ணீர், பார்க்கப் பழைய தண்ணீர்தான். ஆனால் அதில் அமிலம் ஏறியிருக்கும், மின்சாரத்தை முன்னைவிட நன்றாகக் கடத்தும். மெழுகுத் தாளில் சொட்டினால் உருண்டு நிற்காமல் கொஞ்சம் படுத்துக்கொள்ளும். கிருமி பிழைக்காது. இதைத்தான் வருடக்கணக்காகக் கரடியாகக் கத்தினேன்.

எங்கள் தலைவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "கம்பி கரைஞ்சு தண்ணியில இறங்கியிருக்கும்பா. அதத்தான் நீ அளந்துக்கிட்டு இருக்க" என்பார். வேறு கம்பி போட்டு அளந்து காட்டினேன். "சரி, இது புண்ண ஆத்தும்னு சொல்றியே, எத வச்சு ஒப்பிடுவ? ரெண்டு மனுஷங்க ஒடம்பு ஒரே மாதிரி இருக்காதே" என்றார். எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் என் அண்ணன் காலில் கொதிநீர் கொட்டியது. இரண்டு பாதங்களிலும் ஒரே அளவு, ஒரே ஆழம். உடம்பும் ஒன்று. தவமிருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பு யாருக்கும் அமையாது. அண்ணி வேலைக்குப் போகிறவர் என்பதால், கட்டு மாற்றும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இடது காலுக்கு என் தண்ணீர், வலது காலுக்குக் குழாய்த் தண்ணீர். டாக்டர் கொடுத்த, கிருமியைக் கொல்லும் மாத்திரையை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரை வைத்தேன். அதுவும் உள்ளே போனால் புண்ணை எது ஆற்றியது என்று எப்படிச் சொல்வது?

"எந்தம்பி இருக்கான், எனக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் பீற்றிக்கொண்டார்.

இரண்டு கால்களும் ஆறத் தொடங்கின. ஒரே மாதிரி. துளி வித்தியாசம் இல்லை. இருந்தாலும் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கொழாத் தண்ணிகூட நல்லாத்தான் வேலை செய்யுது போல" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிழை எங்கே என்று யோசித்தேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் சுத்தமானது. கிருமியே இல்லாத இடத்தில் என் தண்ணீர் எதைக் கொன்று காட்டும்? அதனால் தரை துடைத்து வாளியில் தேங்கிக் கிடந்த தண்ணீரால் வலது காலைக் கழுவ ஆரம்பித்தேன். இடது காலிலும் அதை ஊற்றியிருந்தால்தானே சரியான சோதனை என்று நீங்கள் கேட்கலாம். இடது கால் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வலது பாதம் வீங்கியது. "டேய், இந்தக் காலு மட்டும் ஏண்டா இப்படித் தெறிக்குது?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆறும்போது அப்படித்தாண்ணே இருக்கும்."

அண்ணி ஒருமுறை என்னை வாசலில் மறித்தார். "எனக்குப் பயமா இருக்கு தம்பி. டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா?"

"அதான் வேளாவேளைக்கு மாத்திரை போடுறாரே அண்ணி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

பிறகு காய்ச்சலில் அண்ணனுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆமாம், நான்தான் செய்தேன். மாத்திரையை மாற்றியதும் நான், வாளித் தண்ணீரை ஊற்றியதும் நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் ஆதங்கம் வேறு. பிரேதப் பரிசோதனையில் உடம்பை அறுத்துப் பார்த்தவர் வலது காலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். இடது காலை ஒருவரும் சீண்டவில்லை. அங்கே தோல் எவ்வளவு அழகாக மூடியிருக்கிறது தெரியுமா? அந்தக் காலை மட்டும் பார்த்தால், என் அண்ணன் குணமாகிக்கொண்டுதான் இருந்தார்.