கல்லறைத் தோட்டத்து ஆள்காட்டி

எனக்குச் சத்தம் ஆகாது. பறவை பார்ப்பவர்கள் யாருக்குமே ஆகாது. ஓய்வு பெற்றபின் பைனாகுலரோடு இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வர ஆரம்பித்ததே அதனால்தான். இங்கே இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை. நீங்கள் இவ்வளவு தூரம் வந்து கேட்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உங்கள் அக்கா வீட்டுக்காரரின் கல்லறையை ஒட்டிய சரளைக்கல்லில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. அது மரத்தில் கூடு கட்டாது, வெறுந்தரைதான். உச்சி வெயிலில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டையின் சூட்டைத் தணிக்கும். பார்த்து வைத்தாற்போல அந்த நேரத்துக்குத்தான் உங்கள் அக்கா வருவார். குருவி அலறிக்கொண்டு தலைக்குமேல் சுற்றும். இவரோ குழாய் ஒழுகுவது, பக்கத்து வீட்டுச் சண்டை என்று கணவரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். அந்தப் பக்கம் முட்டை வெந்துகொண்டிருக்கும்.

காலையில் வரக்கூடாதா என்று நயமாகத்தான் கேட்டேன்.

"அவருக்கு மத்தியானம்தாங்க பேச்சுத்துணை வேணும்," என்றார்.

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வது? மறுநாள் காலை ஒரு ரோஜாவை வாங்கி வந்து அவர் கணவரின் கல்லறைக் கல்லின்மேல் வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். நல்ல பூவாகவே பார்த்து வாங்கினேன், அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. உங்கள் அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாள் முழுக்க இங்கேயே கிடப்பவன் நான்தானே, என்னிடம் வந்தார்.

"இதை யாரு வச்சிட்டுப் போறாங்கன்னு பாத்தீங்களா?"

"உங்க சாயல்தாங்க. வயசு கொஞ்சம் கம்மி," என்றேன்.

உங்கள் பெயரை நான் எடுக்கவே இல்லை, அதைக் கவனியுங்கள். தனக்கு இனி தங்கச்சியை விட்டால் யாருமில்லை என்று அவர் கல்லிடம் அடிக்கடி சொல்வது என் காதில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். மீதியை அவரே கூட்டிக் கழித்துக்கொண்டார். சற்று நேரம் கல்லையே பார்த்துவிட்டு, "சரிங்க," என்று போனவர் பிறகு வரவில்லை. உங்களுக்குக் கதவைத் திறக்காததும் அதனால்தான்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பொரிந்த அன்றே குஞ்சுகள் தத்தித்தத்தி ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த உயிரையும் நோகடிக்கத் தெரியாதவன் நான். அக்காவிடம் வந்து உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள். சொன்னால் மறுபடியும் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். இப்போதைக்கு அது சரிப்படாது, குருவி திரும்பவும் முட்டையிட்டிருக்கிறது. அழுவதானால் கொஞ்சம் கேட் பக்கம் தள்ளி நின்று அழுங்களம்மா.