கடுகு வைத்த முப்பது காதுகள்

மருந்தக ஜன்னலைத் தாழ்வாக வைத்தது நான் அல்ல. கட்டிய மேஸ்திரி குள்ளனோ என்னவோ, என் முகம் தெரிய வேண்டுமானால் வருகிறவர்கள் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். நான் சொல்வது விழ வேண்டுமானால் தலையைத் திருப்பிக் காதை ஓட்டைக்கு நேரே கொண்டுவர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்தப் போசோ வெர்தே ஊர் மக்களை நான் காதுகளாகத்தான் பார்த்து வந்திருக்கிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. இவர்களுடைய முகங்களுக்குக் காதுகள் எவ்வளவோ தேவலை.

யாருக்கு எந்தக் கேப்சூலைக் கொடுப்பது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். சதி, திருட்டுச் சாவி என்றெல்லாம் உங்கள் ஆள் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை. காதைப் பார்த்தேன், கொடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அரசாங்கம் தன் இலவச மருத்துவமனைகளில் ஊசி குத்துவது, கை வைப்பது, பூச்சாறு கொடுப்பது எல்லாவற்றையும் வைத்தியம் என்று அங்கீகரித்துவிட்டது. பிரேசில் முழுக்க நடக்கிற கூத்து, எங்கள் சுகாதார நிலையம் மட்டும் தப்புமா? இங்கே ஜாந்திரா என்று ஒரு நர்ஸ் உதவியாளர். ஊசி போடுவாள், கட்டுக் கட்டுவாள், அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பது மணி நேரம் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு இடுக்கியும் ஒரு காதுப் படமுமாகத் திரும்பி வந்தாள். காதுக்குள் ஒரு குழந்தை தலைகீழாகப் படுத்திருக்கிறதாம். அதன் கால் இங்கே, இதயம் இங்கே, ஈரல் இங்கே. உரிய இடத்தில் ஒரு கடுகை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டி, நாளைக்கு மூன்று முறை அழுத்திக்கொண்டால் பிரஷர் இறங்குமாம். கடுகு. நாம் சமையலறையில் வைத்திருக்கிறோமே, அதே கடுகுதான்.

நான் அந்தப் படத்தை வாங்கி மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். ஒன்றை முட்டாள்தனம் என்று சொல்வதற்கு முன் அதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஜாந்திராவைவிட எனக்கு அந்தப் புள்ளிகள் நன்றாகத் தெரியும். இன்றும் கேளுங்கள், சொல்கிறேன்.

பிறகு கடற்கரை நகரத்திலிருந்து பேராசிரியை ஒட்டாசிலியா வந்தார். பிரஷர் நோயாளிகள் அறுபது பேர். முப்பது பேருக்குச் சரியான புள்ளியில் கடுகு. முப்பது பேருக்குச் சும்மா ஒரு இடத்தில் கடுகு. யாருக்கு எது என்று நோயாளிகளுக்கும் தெரியாது, பிரஷர் அளக்கிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியக்கூடாது. அறுபது பேரும் வழக்கமாகச் சாப்பிடும் காப்டோப்ரில் என்ற பிரஷர் மருந்தைத் தொடர வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி போகட்டும் என்று அதை வெள்ளைக் கேப்சூலில் அடைத்து, எண் போட்ட புட்டியில் கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வாரம். ஆறாவது வாரம் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அளந்து, எண்களை உறையில் போட்டு அரக்கு வைத்து, நிலையத் தலைவரின் இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பார்கள். அந்த அலமாரி என் ஜன்னலிலிருந்து இரண்டு அறை தள்ளி இருக்கிறது.

படம் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவன் முன்னால் அறுபது பேரும் காதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. பேராசிரியை என்றால் அப்படித்தான்.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன். "மருந்தும் சாப்பிடுறாங்க, கடுகும் வச்சுக்கிறாங்க. இறங்கினா பேரு கடுகுக்குத்தானே போகும்?"

"அதுக்குத்தான் ரெண்டு குழு, அன்செல்மோ. கடுகு வேலை செய்யலேன்னா, செய்யலேன்னே எழுதிட்டுப் போறோம். அதுல எனக்கு என்ன வெக்கம்?" என்றார். அப்புறம், "அந்த நாற்காலியக் கொஞ்சம் நகத்துங்களேன், ஜாந்திராவோட ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார். நகர்த்தினேன்.

செய்யவில்லை என்று எழுதுவாராம். இத்தனை பணம் வாங்கி, இத்தனை பேரைக் கூட்டி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று எழுதுகிற பேராசிரியையை நான் எந்த ஊரில் பார்த்தேன்? சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த சில வாரங்கள் என் ஜன்னலில் நடந்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஜெனிவால்டோ என்று வேன் ஓட்டுகிறவன். சரியான புள்ளிக்காரன்தான், காதின் மேல் குழியில் பிளாஸ்திரிக்கடியில் கடுகு புடைத்துக்கொண்டிருக்கும்.

"அய்யா, இந்தக் கேப்சூல நீங்களே வச்சுக்குங்க. ஜாந்திராம்மா கடுகு வச்சதுலேருந்து தலபாரம் போயே போச்சு. அது கையா, மந்திரக்கோலா தெரியல."

"மருந்துதான் உன்னை நிமித்தி வச்சிருக்கு, மடையா."

"நீங்க எப்பவும் இப்படித்தான் வள்ளுவள்ளுனு விழுவீங்க. அது பாருங்க, அரை மணி நேரம் உக்காந்து நம்ம கதையெல்லாம் கேக்குது."

கதை கேட்டால் பிரஷர் இறங்குமா? ஓட்டுநர் வண்டி ஓட்டுவார், நன்றி மட்டும் கண்ணாடியில் தொங்கும் புனிதர் படத்துக்கு. என் மருந்து வேலை செய்கிறது, சோளக் கேக் ஜாந்திராவின் மேசைக்குப் போகிறது. இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்தவர் கிடையாது. நான் எதிர்பார்க்கவும் இல்லை. உங்கள் ஆள் பொறாமை என்று எழுதுகிறார் போலிருக்கிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

என் யோசனை மிகவும் எளிமையானது. கடுகு வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கடுகு தனியாக வேலை செய்ய வேண்டும். மருந்தின் முதுகில் ஏறிக்கொண்டு வரக்கூடாது. ஆறாவது வார அளவு முடிந்து உறைகள் அலமாரிக்குள் போன மறுநாள், சரியான புள்ளிக்காரர்கள் முப்பது பேரின் கேப்சூல்களில் காப்டோப்ரிலுக்குப் பதில் மரவள்ளி மாவை அடைத்தேன். மற்ற முப்பது பேருக்கு மருந்தே கொடுத்தேன். அவர்களுக்கு ஏன் கொடுக்காமல் இருக்க வேண்டும்?

மாவு எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்தது. என் தங்கை ஜுல்மீரா அதைக் காலையில் தோசைபோல் வார்ப்பாள். கணவன் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். அவளைப்போல மாவு சலிக்கிற ஆள் இந்த ஊரில் இல்லை. ஒரு கட்டி இருக்காது. கேப்சூலுக்குள் அழகாக இறங்கியது.

ஆம், ஜுல்மீராவும் அந்த அறுபதில் ஒருத்தி. முப்பத்தொன்றாம் எண். என்னிடம் சொல்லாமல் சேர்ந்துகொண்டாள். ஒரு நாள் பீன்ஸும் சோறும் பரிமாறக் குனிந்தபோது காதில் பிளாஸ்திரி தெரிந்தது.

"என்னடி இது, காதுல?"

"திட்டாதண்ணே. சும்மா ஒரு கடுகுதானே. உன் மருந்தையும் நாள் தவறாமத் தின்னுட்டுத்தான் இருக்கேன்."

மேல் குழி. சரியான புள்ளி.

அவளை மட்டும் விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். யோசித்தேன், அம்மா. ஒன்பது நாள் யோசித்தேன். அவளை எடுத்துவிட்டால் முப்பது இருபத்தொன்பதாகிவிடும். அதோடு, மற்றவர்களும் யாருக்கோ தங்கைதானே, அண்ணன்தானே? என் வீட்டாள் என்று சலுகை காட்டுவது என் பழக்கமில்லை. மாமன் மச்சானுக்கு வரிசை தாண்டி மருந்து கொடுக்காதவன் என்று என்னைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள்.

ஒன்பதாவது வாரம் ஜெனிவால்டோ சந்தைக்குப் போகும் வழியில் வேனை ஓரங்கட்டினான். தலை சுற்றுகிறது என்று ஆட்களை இறக்கிவிட்டு, ஸ்டீயரிங் மேல் சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. பத்தாவது வாரம் தையல்காரி அர்லிண்டா, துணி வெட்டிக்கொண்டிருந்த மேசையிலேயே. இருவருமே பிரஷர் நோயாளிகள், இருவருக்கும் வயது அறுபது தாண்டியது. யாரும் எதையும் கேட்கவில்லை. நான் இரண்டு சாவுக்கும் போனேன். ஜாந்திரா இரண்டிலும் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உன் கடுகு எங்கே போயிற்று என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நான் நாகரிகம் தெரியாதவன் இல்லை.

ஜூன் திருவிழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம், சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த ஜுல்மீராவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள், அப்படியே சரிந்தாள். வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. வாசலில் திருவிழாத் தீ மூட்ட அடுக்கிய விறகு இன்னும் அப்படியே இருக்கிறது என்று நேற்று உங்கள் ஆள் சொன்னார்.

என்னைப் பிடித்துக் கொடுத்தது ஜாந்திரா என்பதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. ஜுல்மீராவுக்குக் கேப்சூல் தொண்டையில் இறங்காது. பிரித்து வாழைப்பழத்தின் மேல் தூவித்தான் தின்பாள். எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. விழுவதற்கு நாலு நாள் முன்பு ஜாந்திராவிடம் சொல்லியிருக்கிறாள்:

"முன்னெல்லாம் அந்தப் பொடி அழுகின முட்ட மாதிரி நாறும், கசக்கும். இப்ப பாரு, வாசனையே இல்ல, எங்க வீட்டு மாவு மாதிரி அப்படியே கரையுது. நான் முகத்தச் சுளிக்கிறதப் பாத்துட்டு அண்ணன் ஏதோ பக்குவம் பண்ணிக் குடுத்திருக்கு. வெளிய காட்டிக்காது. ஆனா என்மேல உசுரு."

ஜாந்திராவும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஜுல்மீரா விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்ததாம். எங்கள் வீட்டுக்குப் போய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். மற்ற குழுவில் ஒருவரிடம் போய் அவர் கேப்சூலையும் வாங்கி முகர்ந்தாள். பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நாற்பது மணி நேர வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நேரே உங்களிடம் வந்துவிட்டாள். மிச்சமிருந்த இருபத்தேழு பேருக்கும் அன்று மாலைக்குள் மருந்து போய்விட்டதாமே. நல்லது. என் வேலை அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

இப்போது அந்த உறையைப் பற்றி. இன்று காலை பேராசிரியை வந்து, உங்கள் முன்னால் அரக்கை உடைத்து, ஆறாவது வாரத்து எண்களை என் முகத்துக்கு நேரே படித்துக் காட்டினார். சரியான புள்ளியில் கடுகு வைத்த முப்பது பேருக்கும், சும்மா வைத்த முப்பது பேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கடுகால் ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒரு கேப்சூலைக்கூடத் தொடுவதற்கு முந்தைய நாள் எழுதிய எண்கள் அவை.

"இதத்தான்யா எழுதறதா இருந்தேன். இன்னும் ஆறே வாரம். உன்னால கொஞ்சம் பொறுத்திருக்க முடியலையா?" என்று அழுதார்.

நீங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் உடைந்துபோவேன் என்று. எதற்கு உடைய வேண்டும்? நான் சொன்னதைத்தானே அந்த உறையும் சொல்லியது? ஆரம்பத்திலிருந்து நான் சொன்னதுதான் சரி. வாக்குமூலத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தை எடுத்தேன், இருவர் செத்தார்கள், என் தங்கை படுக்கையில் விழுந்தாள். மூன்றையும் செய்தது நான்தான். எங்கே வேண்டுமோ கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். ஜுல்மீரா என்மேல் புகார் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாளாம். அவளுக்குத் திரும்பி வந்த ஒரே சொல் அண்ணன் என்பதுதானாம். உங்கள் ஆள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் காதில் நின்றது வேறு. ஜாந்திரா தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, அவள் காதில் கடுகு வைத்து அழுத்திவிடுகிறாளாம். ஜுல்மீரா கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறாளாம். யாராவது போய் அதை நிறுத்துங்கள், அம்மா. அதனால் ஒரு பயனும் இல்லை என்று நான் இவ்வளவு பாடுபட்டு நிரூபித்திருக்கிறேன்.