ஒரு நோட்டீசுக்கு நாலு பேர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் முன் சீட்டு அக்காளும் தம்பியும் ஆள் கணக்குப் போட்டதைக் கேட்டு, ஏதோ கல்யாணப் பந்திக்கு என்றுதான் முதலில் நம்பினேன். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு நான் மாமன், மீதிப் பேருக்கு மச்சான். என்னை மட்டும் கூப்பிடவில்லையே என்று வேர்த்தே விட்டது.

“ஒரு நோட்டீசுக்கு நாலு பேரு. பந்திக்கு அப்படித்தானலே கணக்கு?”

“வெப்சைட்டுக்கு எல்லாரும் ஒண்ணா வந்து உக்கார மாட்டாக, அக்கா. சின்ன சர்வரே தாங்கும்.”

“தாங்காமப் படுத்துட்டா? சரியா அந்நேரம் பாத்து அண்ணன் தொறந்து, ஒண்ணும் வரலைன்னு மூடிட்டா?”

தம்பி போனை எடுத்து எதையோ தட்டினான்.

“பெருசாவே போடுறேன்க்கா.”

அக்காள் மடியில் நோட்டீஸ் கட்டு இருந்தது. ‘காணவில்லை’ என்பதற்குக் கீழே, சட்டைப் பையில் பேனா குத்திய ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் வெப்சைட் முகவரி. என் கை சும்மா இருக்குமா? போனில் அடித்தேன். உடனே திறந்தது. அதே சிரிப்பு. ‘அண்ணே, யாருக்கும் கோவம் இல்ல. வீட்டுக்கு வாங்க.’

தம்பியின் போன் ‘டிங்’ என்றது.

“அக்கா, யாரோ சைட்டைத் தொறந்திருக்காக! அருப்புக்கோட்டைப் பக்கம்னு காட்டுது.”

“நோட்டீசு இன்னும் யாருக்கும் குடுக்கலையேலே. காலையில அண்ணன் நம்பருக்கு மட்டுந்தானே அனுப்புன?”

“ஆமாக்கா.”

“அப்ப அண்ணந்தான். ஏலே, எறங்கு, எறங்கு!”

பந்திக்கு வேர்த்த எனக்கு வாயே வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் ஓடினார்கள்.

திறந்தது நான்தான்.